சுண்டு தட்டும் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் சொன்னால் அது பொய்யாகிவிடும், அதனால் சொல்லவில்லை. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று தம்பி கேலி செய்வான். போனில் நீங்கள் "சாப்பிட்டாயா" என்பீர்கள், நான் "சாப்பிட்டேன்" என்பேன், அதற்குள் சிக்னல் போய்விடும். நீங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்று கத்திப் பேசுவதைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் கேட்பது தனிக்கதை.

கடிதத்தின் பின்பக்கத்தில் என் பாப்பா பென்சிலால் எழுதியிருந்ததையும் பார்த்தேன். ஆங்கிலப் பாடத்தில் ‘டிப்ளீட்டட்’ (depleted) என்று ஒரு சொல் வந்ததாம். அகராதியில் ‘வெறுமையாக்கப்பட்ட’ என்று இருக்கிறதாம், டீச்சர் ‘தீர்ந்துபோன’ என்றாராம். எது சரி, அங்கே ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். சொல்கிறேன் பாப்பா. அம்மாயிக்கு வாசித்துக் காட்டும்போது வேகமாக ஓடாதே.

முதலில் குளிர். நுவரெலியாவில் ஜனவரி மாதம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து, மரக்கறித் தோட்டக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார்களே, இங்கே பல நாள் அப்படித்தான் விடிகிறது. மற்றபடி இதுவும் மலைநாடுதான். வேல்ஸின் தெற்குப் பள்ளத்தாக்கு. ஒரே சுவரில் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள். வந்த அன்றைக்கு மாடி வைத்த லயம் என்றே நினைத்தேன். நினைத்ததிலும் பிழையில்லை, நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களுக்காகக் கட்டியவையாம்.

பக்கத்து வீட்டுக் கிழவனாரைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? பழைய குளியல் தொட்டியை வீட்டுக்குப் பின்னால் போட்டு, அதில் மண் நிரப்பி லீக்ஸ் வளர்க்கிறார். எங்கள் ஊரில் லாரி லாரியாக லீக்ஸ் கொழும்புக்குப் போகும் என்றேன், நம்பவில்லை. லீக்ஸ் இவர்களுடைய நாட்டுச் சின்னம், மார்ச் 1ஆம் தேதி சட்டையில் குத்திக்கொள்வார்கள். தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்துக் கொடுத்தேன். சட்டியைக் கழுவித் திருப்பித் தந்தார், நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. மறுநாள் இன்னும் நாலு லீக்ஸ் வாசலில் கிடந்தது.

அவர் டவர் சுரங்கத்தில் கரி வெட்டியவர். 1994இல் அரசாங்கம் அதை மூடியபோது, 239 பேர் தங்களுக்குக் கிடைத்த நட்டஈட்டிலிருந்து தலைக்கு 8,000 பவுண்டு போட்டு, சுரங்கத்தைத் தாங்களே வாங்கி நடத்தியிருக்கிறார்கள். நம் ஆட்கள் தோட்டத்தை வாங்கி நடத்துவதை நினைத்துப் பாருங்கள் அம்மா! பதின்மூன்று வருஷம் ஓடியது. 2008 ஜனவரியில் மூடினார்கள். எந்தத் துரையும் வந்து மூடவில்லை, வெட்டுவதற்குக் கரி இல்லை. பாப்பாவின் சொல்லை அவரிடம் கேட்டேன். "அது கணக்கெழுதுகிறவர்களின் பேச்சு. நாங்கள் ‘வர்க்ட் அவுட்’ என்போம்" என்றார். வேலை செய்தே தீர்த்துவிட்டோம் என்று அர்த்தம்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது பாப்பா. வீட்டில் யாரும் ‘பால் டிப்ளீட்டட்’ என்று சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ‘ரன் அவுட்’ என்பார்கள். முதல் வாரம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு நர்ஸ் "சீனி ரன் அவுட்" என்றதும் எனக்கு மாமாவின் கிரிக்கெட்தான் ஞாபகம் வந்தது. உன்னுடைய சொல் பெரிய இருப்புகளுக்கானது. கடல் மீன், நிலத்தடி நீர், காட்டு மரம், மண்ணின் சத்து. ஓசோன் படலத்தைக் காப்பாற்ற 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை செய்தார்களே, அதன் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 2022இல் நம் இலங்கையின் டொலர் கையிருப்பு கரைந்து, ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தபோதும் ஆங்கிலப் பத்திரிகைகள் இதைத்தான் எழுதின. (நான் இங்கே வந்து நிற்பதற்கும் அந்தச் சொல்தான் காரணம் என்று வைத்துக்கொள்.)

இதன் வேர் லத்தீனில் ‘நிரப்பு’ என்பது. முன்னால் ஒட்டு ஒன்று சேர்ந்து நிரப்பியதை இறக்குவதாகிவிட்டது. ‘கம்ப்ளீட்’ என்பதிலும் அதே வேர்தான். முற்காலத்து வைத்தியர்கள் நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிடும் சிகிச்சைக்கும் இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். ஆகவே, நிறைய இருந்த ஒன்றை அது திரும்ப ஊறுவதற்குள் எடுத்து எடுத்து, போதாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பதுதான் பொருள். ஒன்றுமே இல்லை என்று கட்டாயம் இல்லை. டீச்சரின் ‘தீர்ந்துபோன’ ஒரு படி கூடிவிட்டது. தலவாக்கலை ரோட்டில் செயின்ட் கிளேயர் அருவியைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? மேல் கொத்மலை மின் திட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்புவதற்கு முன் அது எப்படி விழுந்தது என்று அம்மாயியிடம் கேள். அருவி இன்னும் இருக்கிறது. ஆனால் இருந்த அருவி இல்லை.

தமிழில் ஒரே சொல்லைக் கேட்கிறாய். என்னால் முடியவில்லை. தண்ணீர் வற்றுகிறது, பணம் கரைகிறது, மண் சத்துப்போகிறது, ஆள் ஓய்ந்துபோகிறான். எது குறைகிறதோ அதைப் பார்த்துத்தான் நாம் சொல்லை எடுக்கிறோம்.

இங்கே கூட வேலை செய்யும் ஒருத்திக்கு ரத்தம் சோதித்தார்கள். ரத்தத்தில் இன்னும் பெரிய குறை இல்லை, உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்புச் சத்துத்தான் டிப்ளீட்டட் என்றார் டாக்டர். எனக்கு உடனே விளங்கிவிட்டது: சட்டியில் சோறு இருக்கிறது, டின்னில் அரிசி இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாதாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டுமாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது பெரிய தண்டனை. முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. பாப்பாவுக்கும் ரொட்டியோடு தேத்தண்ணீர் கொடுக்காதீர்கள் அம்மா.

இன்னொரு வேடிக்கை, இங்கே கரண்டுக்கும் ரீலோட் உண்டு. சாவி மாதிரி ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பணம் ஏற்றிவந்து மீட்டரில் செருக வேண்டும். தீரும் சமயத்தில் மீட்டரே கொஞ்சம் கடன் தரும், அடுத்த முறை ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும், நம் தோட்டத்துக் கடைக் கொப்பி போல. நான் தீர விடுவதே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் கடை பூட்டியிருந்தது, வேறொன்றுமில்லை. கிழவனார் தினமும் காலையில் சுவரை இரண்டு தட்டு தட்டுவார், நானும் இந்தப் பக்கம் தட்டுவேன். அன்றைக்கு அவரே பிளாஸ்கில் சூப்போடு வந்துவிட்டார். வீடு இருட்டாக இருந்ததை எப்படிக் கண்டாரோ.

அந்த இருட்டில் அப்பாயி ஞாபகம் வந்தது. காம்பராவில் விளக்கு வைக்கும் முன்னே அரிசி அளப்பாரே. டின் நிறைய இருக்கும்போது அளக்கும் சுண்டு உள்ளே போகும் சத்தமே கேட்காது. பாதிக்குக் கீழே வந்தால் தகரத்தில் உரசும். சம்பளத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அடியில் ‘டங்’ என்று தட்டும், அப்பா பாயில் புரண்டு படுப்பார். அப்போதும் அப்பாயி "அரிசி இல்லை" என்று வாயால் சொன்னதில்லை. "கடைக்குப் போக வேண்டும்" என்பார். எனக்கு இப்போது அந்தத் தகர டின்னின் வாசம்கூடத் தெரிகிறது அம்மா. ஈர விறகு, புகை, நீங்கள் மலையிலிருந்து வந்து அவிழ்த்துப் போடும் படங்கு, பாப்பாவின் தலை எண்ணெய். எட்டு மணி ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால் இங்கே எந்த வாசமும் இல்லை.

சரி, போகட்டும். காரியத்துக்கு வருகிறேன்.

உங்கள் சேமலாப நிதிக் காசில் தம்பிக்கு முச்சக்கர வண்டி லீசிங்கில் எடுக்க முற்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். முப்பத்தொரு வருஷம் கூடை தூக்கிய காசு அது. முதலில் கூரைத் தகரத்தை மாற்றுங்கள், மாரிக்கு முன்னால். மீதி வங்கியில் கிடக்கட்டும். தம்பி கோபித்தால் அக்காவோடு பேசச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து பாப்பாவின் அப்பா வந்தால் அவரிடமும் சொல்லுங்கள். எனக்கு இந்த மாதம் வேலை நேரம் கொஞ்சம் குறைவு, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். நகையைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள், வட்டி கட்டியாகிவிட்டது.

தோட்டத்துப் பதிவில் உங்கள் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சேமலாப நிதிப் படிவம் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள், பள்ளத்து லயத்து மாமிக்கு நடந்தது தெரியும்தானே. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்

பி.கு.: பாப்பா, இதையெல்லாம் கொண்டுபோய் டீச்சரோடு வாதாடாதே. பரீட்சையில் அவர் சொன்னதையே எழுது.