பனிப்பருவம் முடிந்தபின் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு ஆறுதலாக மறுமொழி சொல்ல அன்று நேரம் போதவில்லை. "நான் பனியில் ஸ்கீ ஓடுவதை விட்டு எத்தனை வருடமாகிவிட்டது அப்பா, நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அந்த ஸ்கீக் கழகத்துக்குப் போய்க் குளிரில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டாய். என் உடம்பை நினைத்துத்தான் அப்படிக் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு சொல்லில் முடிகிற விஷயம் அன்று. இவ்வருடப் போட்டிப் பருவம் முடிந்து, தடத்தில் நட்டிருந்த அடையாளக் கம்புகளையெல்லாம் கழற்றிக் களஞ்சியத்தில் அடுக்கியாகிவிட்டது. இனி எழுத நேரம் இருக்கிறது.

இங்கே நோர்வேயில் எங்களுக்குப் பருவம் ஒக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடக்கும் பழைய பொருட்சந்தையை நீ மறந்திருக்கமாட்டாய். பிள்ளைகள் வருடா வருடம் வளர்கிறார்கள், ஸ்கீயும் சப்பாத்தும் வளர்வதில்லை. ஆகவே ஒரு வீட்டில் சிறுத்துப்போனது இன்னொரு வீட்டுக்குப் போகிறது, விற்ற விலையில் ஒரு பங்கு கழகத்துக்குச் சேர்கிறது. நான் நிற்பது ஸ்கீ மேசையில். பிள்ளையின் உயரத்துக்கு மட்டுமன்றி நிறைக்கும் ஏற்ற ஸ்கீயைத் தேட வேண்டும் என்பது புதிதாக வரும் பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஸ்கீப் பலகை நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு காலில் முழு நிறையையும் வைத்து அமுக்கும்போது மட்டும் அந்த நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பிடிக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் தொடாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். இலேசான பிள்ளைக்கு விறைப்பான ஸ்கீயைக் கொடுத்துவிட்டால், ஏற்றத்தில் எவ்வளவு உந்தினாலும் கால் பின்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்து அழும். அப்படி அழுது, ஒரே குளிர்காலத்தோடு விட்டுப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேசையில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடம் பொறுமையாகச் செலவழித்தால் அதைத் தவிர்க்கலாம். வாங்க வசதியில்லாதவர்களுக்கு, விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் கொடுக்கும் 'புவா' நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லி அனுப்புகிறேன்.

அதன்பின் பனிக்காகக் காத்திருப்பது. ஒஸ்லோவின் குளிர்காலம் நீ சிறுமியாக இருந்த காலத்தைவிடச் சுருங்கிவிட்டது. நகரைச் சூழ்ந்த காடுகளில் 2000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தடங்களை, 1883இல் தொடங்கப்பட்ட ஸ்கீபொரெனிங்கென் சங்கம் பராமரிக்கிறது; எங்கள் பொறுப்பு லில்லோமார்க்கா காட்டின் ஓரத்திலுள்ள, இருட்டிலும் ஓட விளக்குப் போட்ட எங்கள் தடம் மட்டும்தான். அதையும் செயற்கைப் பனியின்றி நவம்பரில் திறக்க முடிவதில்லை. நீரை நுண்துளிகளாக ஊதி உறையவைக்க, வெப்பநிலை பூச்சியத்துக்குச் சில பாகை கீழே நிற்க வேண்டும். காற்று வரண்டிருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஓர் இரவு வாய்த்ததும் கழகத்தின் குறுஞ்செய்தி வந்துவிடும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய தச்சரும் தாதியும் ஆசிரியரும் விடியும்வரை முறைவைத்து நின்று குழாய்களை நகர்த்துகிறார்கள். இதற்கெல்லாம் யாரும் சம்பளம் வாங்குவதில்லை என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜனவரியில் செவ்வாய் மாலைப் போட்டிகள் தொடங்கின. ஓடும் நேரத்தைப் பதியும் சிறு மின்னணுக் கருவியைக் கணுக்காலில் கட்டிவிடும் வேலையை இம்முறை எனக்குத் தந்தார்கள். தடித்த கையுறையோடு அந்தப் பட்டையை இறுக்க முடியாது. கழற்றினால் விரல் மரத்துவிடும். சின்னப் பிள்ளைகள் என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு காலைத் தூக்கித் தருவார்கள், மூக்கில் ஒழுகுவதை மறு கையின் கையுறையால் துடைத்துக்கொண்டு, அன்றைய பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்கள். ஒரு மாலை, ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனுக்குக் கடைசி ஏற்றத்தில் ஒரு ஸ்கீ கழன்றுவிட்டது. அவன் நிற்கவில்லை, கழன்றதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் காலாலேயே உந்தி உந்தி வந்து கோட்டைத் தாண்டினான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னபோது அங்கே நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"நான் எத்தனையாவது?" என்று ஏழு வயதில் நீ கேட்டபோது, அப்படியொரு பட்டியலே இல்லை என்றார்கள், எனக்கு அது அன்று புதுமையாக இருந்தது. 1987 முதல் இந்த நாட்டில் இருந்துவரும் சிறுவர் விளையாட்டு விதிகளின் இன்றைய வடிவத்தின்படி, பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன்னர் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே பரிசுதான். நம்முடைய ஆட்கள் சிலர், "இப்படி வளர்த்தால் போட்டி மனம் எங்கிருந்து வரும்?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். 2025இல் துரொண்ட்ஹைமில் நடந்த உலக ஸ்கீச் சாம்பியன் போட்டிகளில், ஓடிய ஆறு ஓட்டங்களிலும் தங்கம் வென்ற நோர்வே வீரர் யொஹான்னஸ் கிளேபோ இந்த விதிகளின் கீழ்தான் சிறுவனாக இருந்தார் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் விடை. அவரை நெடுங்காலம் பயிற்றுவித்தவர் அவருடைய சொந்தத் தாத்தா. அந்தக் கடைசி 50 கிலோமீற்றர் ஓட்டத்தைக் கழக வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். நீயும் அங்கிருந்து குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாய்.

இனி எங்கள் ஆண்டுப் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வருடம் அது எங்களை உண்மையிலேயே சோதித்துவிட்டது. முதல் நாள் மாலை உறைபனி; இரவே இயந்திரத்தை ஓட்டித் தடத்தை வெட்டிவைத்தோம், ஏனென்றால் வெட்டிய தடம் இறுகச் சில மணிநேரம் வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் வெப்பநிலை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது, ஈரப் பனியும் தூவத் தொடங்கியிருந்தது. ஏற்றத்தில் பனியைப் பிடிக்க ஸ்கீயின் அடியில் மெழுகு பூசுபவர்களுக்கு, பூச்சியப் பாகையில் புதுப் பனி விழும் நாள்போலச் சோதனை வேறில்லை. கடுங்குளிருக்குப் பச்சை, அதற்கடுத்து நீலம், பூச்சியத்தை அண்டி ஊதா, ஈரப் பனிக்குச் சிவப்பு என்று மற்ற நாட்களில் ஒரு கணக்கு உண்டு. அன்று அந்தக் கணக்கு நிற்கவில்லை. நீலம் பூசியவர்கள் ஏற்றத்தில் வழுக்கினார்கள். சிவப்பு பூசியவர்களுக்கு நூறு மீற்றருக்குள் பனி கட்டியாக அடியில் ஒட்டிக்கொண்டது. மெழுகுக் கொட்டகையில் ஒருவர் பூசித் தக்கையால் தேய்த்துக் கொடுக்க, இன்னொருவர் வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்ட, மறுபடி சுரண்டி மறுபடி பூசினார்கள். மெழுகு தேவைப்படாதபடி அடியில் உரோமப் பட்டை பதித்த ஸ்கீயோடு வந்த சிறுவர்கள் மட்டும் ஒரு கவலையுமின்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முன்பென்றால் புளோரின் கலந்த விலையுயர்ந்த பொடியைப் பூசி ஈரத்தை வெல்லப் பார்த்திருப்பார்கள். அது மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் பொருள் என்பதாலும், பூசுபவர்களின் நுரையீரலுக்குத் தீங்கு என்பதாலும், இங்கே 16 வயதுக்குட்பட்டோருக்கு 2018-19 பருவத்திலேயே தடைசெய்தார்கள். சர்வதேச ஸ்கீச் சம்மேளனம் 2023-24இல் எல்லோருக்கும் தடைசெய்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். காசுள்ள வீட்டுப் பிள்ளையின் ஸ்கீ மட்டும் வழுக்கும் நிலை நல்லதன்று. பனி உருகும் நீரோடு அந்தப் பொடியும் லில்லோமார்க்காவின் ஓடைகளுக்குத்தானே போகும்.

பத்து மணிக்குத் தடம் கஞ்சியாகிவிட்டது. நேரக் கொட்டகைக்குள் போட்டியை நிறுத்துவதா என்ற பேச்சு எழுந்தபோது, கழகத்தின் மூத்தவர், எண்பதை நெருங்கியவர், "உப்பு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். ஈரப் பனியில் உப்பைத் தூவினால் அதில் ஒரு பகுதி கரைகிறது, கரைவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்து இழுக்கிறது, மிச்சம் இறுகிவிடுகிறது. பைகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வளைவுகளிலும் இறக்கங்களிலும் நாங்கள் வரிசையாக நடந்து கைநிறைய வீசிக்கொண்டே போனோம். கொஞ்சம் கூடினால் பனிக்கட்டி, கொஞ்சம் குறைந்தால் பயனில்லை. அளவு அந்த மூத்தவரின் கைக்குத்தான் தெரியும், நாங்கள் அவருடைய கையைப் பார்த்தே வீசினோம். அரை மணிநேரம் பிந்தித் தொடங்கிய போட்டி கடைசிப் பிள்ளை வரும்வரை நடந்தது. அவ்வளவு நிறைவாக நான் வீடு திரும்பிய நாட்கள் குறைவு.

தேநீர்க்கடைப் பொறுப்பில் அம்மாவும் நின்றார். என்னைக் குளிரில் நிற்க வேண்டாம் என்று திட்டுபவரேதான் முதல் நாள் இரவு முழுவதும் மரக்கறி ரோல்ஸ் சுற்றியவர். வாஃபிளும் பழுப்புச் சீஸும் விற்கும் மேசையில் அது முதலாவதாகத் தீர்ந்துபோகிறது. சூடான கறுப்புத் திராட்சை ரசத்தோடு உறைப்பு ரோல்ஸ் சாப்பிடும் பழக்கத்தை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மாதான் உண்டாக்கினார். மற்றபடி காசு சேர்க்கும் வழிகள் பழையவைதான்: கழிவறைக் கடதாசிப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது, கேக் சீட்டிழுப்பு, அரச சீட்டு நிறுவனமான நொர்ஸ்க் திப்பிங்கின் சீட்டு வாங்குபவர் தாம் விரும்பும் கழகத்தைச் சுட்டினால் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும், 2009இல் தொடங்கிய முறை. உன் மாமாவும் எங்கள் கழகத்தைத்தான் சுட்டியிருக்கிறார்.

மார்ச்சில் கழகத்துப் பெரியவர்கள் சிலர் பிர்க்கெபைனர் ஓட்டத்துக்குப் போனார்கள். ரேனாவிலிருந்து லில்லஹம்மர் வரை 54 கிலோமீற்றர், முதுகில் 3.5 கிலோ பை. 1206இல் கைக்குழந்தையாக இருந்த இளவரசன் ஹோக்கோனை வீரர்கள் மலை தாண்டித் தூக்கிச் சென்ற நினைவாக 1932 முதல் நடப்பது. நான் உலர்ந்த உடுப்புப் பைகளோடு முடிவிடத்தில் நின்றேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் முடித்தார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் வேலை செய்தேன். ஸ்கீ என்பது நோர்வேக்காரரின் காரியம், நமக்கு அதில் இடமில்லை என்றுதான் அங்கே இருந்த நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒஸ்லோவில் இந்தக் குரூருட்டாலன் பகுதிக்குக் குடிவந்தபின், நீ வகுப்புப் பிள்ளைகளோடு போக வேண்டும் என்று அடம்பிடித்ததால் உன்னை அந்தத் தடத்துக்குக் கூட்டிப்போனேன். பதிவு மேசையில் இருந்த பெண் என் பெயரைச் சரியாக எழுதும்வரை இரண்டு முறை கேட்டு எழுதினார். பிறகு, "அடுத்த செவ்வாய் தடத்தில் வளைவுக்கு ஓர் ஆள் குறைகிறது, நீங்கள் நிற்பீர்களா?" என்று கேட்டார். விருந்தாளியாக நினைத்திருந்தால் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். அவர்கள் டுக்னாட் என்று சொல்லும் இந்தக் கூட்டுவேலை, ஊரில் எங்கள் சனசமூக நிலைய விளையாட்டு விழாவுக்கு இரவிரவாகப் பந்தல் போட்டுச் சுண்ணாம்புக் கோடு இழுத்ததைப் போன்றதுதான் என்பது அந்த வளைவில் நின்றபோது எனக்குப் பிடிபட்டது.

பிள்ளை 14, 15 வயதில் ஓடுவதை விட்டதும் பெற்றோரும் போய்விடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வருடமும் அனுபவமுள்ளவர்கள் குறைகிறார்கள், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. உப்பின் அளவு தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். இவ்வருடம் பழைய பொருட்சந்தைக்கு இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வந்தன, சோமாலியக் குடும்பம் ஒன்றும் வந்தது. கதவடியில் தயங்கி நின்றவர்கள், மேசையில் என்னைக் கண்டதும் உள்ளே வந்தார்கள். சனிக்கிழமைப் போட்டியும் தமிழ்ப் பள்ளியும் ஒரே நேரத்தில் வருவதுதான் நம்மவர்களுக்குப் பெரிய தடை. அதைக் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்; சிறுவர் போட்டிகளை இயன்றவரை ஞாயிறுக்கு மாற்ற ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வீட்டில் இருந்திருந்தால் அதை யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்றையும் நீ என் வாயாலேயே அறிய வேண்டும். அடுத்த பருவத்துக்குப் போட்டித் தலைவராக இருக்கும்படி என்னைக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். தடத்தில் நடக்கும் வேலை குறையும், கொட்டகைக்குள் இருக்கும் வேலை கூடும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அவருக்கு அதையே சொல்லு. கோடையில் அந்த மூத்தவரோடு இருந்து, உப்பு, தடம், நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கப்போகிறேன்.

நிலவறையில் உன்னுடைய இரண்டு சோடி ஸ்கீக்கள் கிடக்கின்றன. பெரியது உனக்குப் பொருந்தும். பெப்ரவரியில் விடுமுறை எடுத்து வந்தால் காட்டுக்குள் இருக்கும் லில்லோசேத்தர் வரை போகலாம், ஆகவே அதை மெழுகிட்டு வைக்கிறேன். சின்னதைச் சந்தைக்குக் கொடுக்க விரும்புகிறேன். அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றின் கடைசி மகளுக்கு உயரமும் நிறையும் சரியாக வரும், நான் பார்த்துவிட்டேன். அதில் உன் பெயர் ஒட்டியிருக்கிறது, உன்னைக் கேட்காமல் கொடுக்க மனமில்லை. சம்மதமா என்று ஒக்டோபருக்கு முன் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா