குவின்டா நோர்மல் வழியாக ராப்பா நூயிக்கு: பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சான்டியாகோ–ஈஸ்டர் தீவுப் பயணங்களை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

சிலி நாட்டின் தலைநகரான சான்டியாகோவையும், அந்நாட்டுக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மேற்கே பசிபிக் பெருங்கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் ராப்பா நூயி என்கிற ஈஸ்டர் தீவையும் ஒரே பயணத்தில் சேர்த்துக் காட்டும் குழுச் சுற்றுலாக்களை நீங்கள் நடத்தி வருகிறீர்கள். அப்படியொரு எட்டு நாள் பயணத்தில் நானும் போய் வந்தேன். வண்டி நேரத்துக்கு வந்தது, அறை சுத்தமாக இருந்தது, சைவ உணவு கேட்டவர்களுக்கு முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. என் மனக்குறை பயணத்திட்டத்தைப் பற்றியது. தலைநகரில் கழித்த நாள்களும் தீவில் கழித்த நாள்களும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல இருந்தன. சான்டியாகோவில் எங்களோடு வந்த வழிகாட்டியிடம் தீவைப் பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் அங்கே போனதும் சொல்வார்கள் என்றார். தீவில் கிடைத்ததோ பெரும்பாலும் மர்மக் கதை. இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாட்டுக்குள் கட்டிப் போட்ட வரலாறு, இரண்டு இடத்திலும் சொல்லப்படாமலே போயிற்று. அந்த வரலாற்றைப் பயணத்தின் முதுகெலும்பாக வைத்துத் திட்டத்தை மாற்றியமைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இம்மடல்.

முதலில் தலைநகரைப் பற்றி. பெத்ரோ டி வால்டிவியா 1541-இல் நிறுவிய நகரம் என்ற அறிமுகம், ஆர்மாஸ் சதுக்கம், 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது குண்டு வீசப்பட்ட லா மொனேடா என்ற குடியரசுத் தலைவர் மாளிகை, சான் கிறிஸ்தோபல் குன்று, பிறகு ஒரு திராட்சைத் தோட்டம் என்று எங்கள் நாள்கள் போயின. இவற்றில் எதையும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீவுக்குப் போகப் போகிற ஒரு குழுவுக்குச் சான்டியாகோவில் மற்ற எல்லா இடத்தையும்விட முக்கியமான இடம் குவின்டா நோர்மல் பூங்காவுக்குள் இருக்கும் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். சிலியின் கடற்படைக் கப்பல் ஒன்று 1870-இல் தீவிலிருந்து எடுத்து வந்த மோவாய், அதாவது தீவு மக்கள் தம் முன்னோரின் உருவமாகச் செதுக்கிய பெருங்கற்சிலை ஒன்று, இங்கேதான் ஒன்றரை நூற்றாண்டாக இருந்தது. மோவாய் தாவு என்று தீவு மக்கள் அழைக்கும் அச்சிலை, அவர்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு 2022-இல் கப்பலேறி வீடு திரும்பியது. ஒரு குழுவை அந்த அருங்காட்சியகத்துக்குள் அழைத்துச் சென்று, இங்கே இருந்த முன்னோர் இப்போது இல்லை, சில நாள் கழித்து நீங்கள் போகும் தீவுக்கு அவர் உங்களுக்கு முன்பே போய்விட்டார் என்று சொல்வதைவிட நல்ல தொடக்கம் எந்தப் பயணத்துக்கு வாய்க்கும்?

ரொங்கொரொங்கோ என்ற, இன்றுவரை எவராலும் படிக்கப்படாத குறியீட்டு எழுத்தும் அங்கே பேசப்பட வேண்டியது. உலகெங்கும் எஞ்சியிருப்பவை இரண்டு டஜன் அளவிலான மரப்பலகைகளும் பொருள்களுமே. அவற்றுள் ஒன்றுகூடத் தீவில் இல்லை. எழுத்துகள் மிகுதியாகப் பொறிக்கப்பட்ட ஒரு மரக்கோல், சான்டியாகோ கோல் என்றே பெயர் பெற்று, இதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தீவின் எழுத்தைத் தீவில் தேடிப் பயனில்லை, தலைநகரில்தான் தேட வேண்டும் என்ற இந்த நிலையே ஒரு வரலாற்றுப் பாடம். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சுவை ஒன்றும் உண்டு. ஹெவேஷி என்ற ஆய்வாளர் 1932-இல் இவ்வெழுத்துக்கும் சிந்துவெளி எழுத்துக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் பாதி உலகமும் இருப்பதைச் சுட்டி அறிஞர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர், மோவாய் என்பது நம் தமிழ்ச்சொல்தானே, சிலைகளின் முகவாய் அவ்வளவு நீளமாக இருக்கிறதே என்று கேட்டார். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. அது வெறும் ஒலி ஒப்புமை என்று எடுத்துச் சொல்ல விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டும்.

உங்கள் திட்டங்கள் பலவற்றில் வால்பராய்சோ, வினா டெல் மார் ஆகிய துறைமுகப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு நாள் பயணமும் உண்டு. வினா டெல் மாரில் ஃபோங்க் அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கும் உண்மையான மோவாய் அருகே பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி, ஆளுக்கொரு படம் எடுக்க விடுகிறீர்கள். அந்தச் சிலை ஏன் அங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு விடை வால்பராய்சோவில் இருக்கிறது. 1888 செப்டம்பர் 9 அன்று கடற்படை அதிகாரி போலிகார்ப்போ தோரோவும் தீவின் தலைவர் அதாமு தெக்கேனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தீவு சிலியோடு சேர்ந்தது. அன்று தலைவர் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிச் சிலிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, மண்ணைத் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்று தீவு மக்கள் தலைமுறைதோறும் சொல்லி வருகிறார்கள். ஆனால் நடந்தது வேறு. சில ஆண்டுகளுக்குள் தீவு ஆட்டுப்பண்ணையாகக் குத்தகைக்கு விடப்பட்டது. பண்ணை நடத்தியவர்களைப் பற்றிக் குடியரசுத் தலைவரிடம் நேரில் முறையிடுவதற்காக தீவின் அரசர் ரிரோ காயிங்கா 1890களின் இறுதியில் கப்பலேறி வால்பராய்சோவுக்கு வந்தார், அங்கேயே இறந்தும் போனார். நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்ற ஐயம் தீவில் இன்றும் உண்டு. பல வண்ண வீடுகளையும் இழுவை மின்தூக்கிகளையும் காட்டிக்கொண்டு நாங்கள் ஒரு நாள் முழுவதும் சுற்றிய ஊரில், அந்த அரசரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

1903 முதல் 1953 வரை வில்லியம்சன்–பால்ஃபர் நிறுவனத்தின் கையில் தீவு இருந்தது. தீவு மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் மதிலிட்டு அடைக்கப்பட்டிருக்க, மீதி நிலமெல்லாம் செம்மறியாடுகளுக்கு மேய்ச்சலாக இருந்தது. 1914-இல் ஆங்காத்தா என்ற முதிய பெண்மணி, தீவு நமக்கே உரியது என்று தமக்குக் கனவில் சொல்லப்பட்டதாகக் கூறி மக்களைத் திரட்டிப் பண்ணைக்கு எதிராக எழுந்தார். 1933-இல் தீவு நிலம் முழுவதும் சிலி அரசின் பெயரில் பதிவானது. நிறுவனம் போன பிறகு தீவின் நிர்வாகம் கடற்படையின் கைக்கு வந்தது. அல்போன்சோ ராப்பு என்ற இளம் ஆசிரியர் 1964-இல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1966-இல் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் தீவு மக்கள் முழுக் குடியுரிமையோடு வாக்களிக்கும் நிலைக்கு வந்தார்கள். உங்கள் விமானம் இறங்கும் மட்டவேரியில்தான் அந்தப் பண்ணை மேலாளரின் வீடு இருந்தது. வந்திறங்கியதும் கழுத்தில் பூமாலை போடுகிறார்கள். மாலையோடு இந்த ஒரு செய்தியையும் சேர்த்துக் கொடுத்தால், பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

தீவில் சொல்லப்படும் கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலை செதுக்கும் வெறியில் மரங்களை எல்லாம் வெட்டி, ஒருவரையொருவர் கொன்று, தம்மைத் தாமே அழித்துக்கொண்ட மக்கள் என்ற கதையைத்தான் எங்களுக்குப் பேருந்தில் ஒலிபெருக்கி வழியாகச் சொன்னார்கள். தீவில் காடு இருந்தது, அழிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மக்கள்தொகை பதினேழாம் நூற்றாண்டில் சரிந்து விழுந்தது என்ற கூற்றை, பாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பதினைந்து தீவு முன்னோரின் மரபணுவை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு மறுத்துவிட்டது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தென் அமெரிக்க மக்களோடு இவர்களுக்குத் தொடர்பு இருந்ததையும் அது காட்டியது. உண்மையான பேரழிவுக்கு ஆண்டும் காரணமும் தெளிவாகத் தெரியும். 1862 முதல் பெருவிலிருந்து வந்த அடிமை வணிகர்கள் ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர். இன்றைய ராப்பா நூயி மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள். தம் பாட்டன் பூட்டனைப் பற்றிய இந்தக் கதையை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டிய தீவுக்காரரின் முகத்தை நான் பின்னிருக்கையிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

கொரோனா பெருந்தொற்றால் மூடப்பட்டிருந்த தீவு 2022 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து, சிலைகள் இருக்கும் தேசியப் பூங்காவின் முக்கிய இடங்களுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடுதான் போக முடியும் என்ற விதி இருக்கிறது. இவ்விதியை நீங்கள் செலவுக் கணக்கில் ஒரு வரியாக மட்டும் பார்க்கிறீர்களோ என்று அஞ்சுகிறேன். எங்கள் பயணத்தில் உள்ளூர் வழிகாட்டி கூடவே வந்தார், ஆனால் பேசியது தலைநகரிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர். தேசியப் பூங்காவின் நிர்வாகமே 2017-இல் மாவு ஹெனுவா என்ற தீவு மக்களின் அமைப்புக்கு வந்துவிட்ட பிறகு, ஒலிபெருக்கி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நாள்களின் எண்ணிக்கையிலும் எனக்கு வழக்கு உண்டு. தீவில் மூன்று இரவு என்று அச்சிட்டால் நிறைவாகத் தோன்றும். சான்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, இரண்டு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்துக்கு உடலைப் பழக்கி, திரும்பும் விமானத்துக்கும் நேரம் ஒதுக்கினால் கையில் மிஞ்சுவது இரண்டு முழு நாள். பூங்காச் சீட்டு பத்து நாளுக்குச் செல்லும் என்றாலும், சிலைகள் செதுக்கப்பட்ட ரானோ ரராக்கு எரிமலைக்கும் ஒரோங்கோ சடங்கு ஊருக்கும் அதைக் கொண்டு ஒரே ஒருமுறைதான் நுழைய முடியும். ரானோ ரராக்குவில் மட்டும் நானூறு சிலைகள் வரை இருக்கின்றன. பாறையிலிருந்து பிரிக்கப்படாமலே கிடக்கும் ஏறத்தாழ 21 மீட்டர் நீளச் சிலையும் அதில் ஒன்று. எங்களுக்கு அங்கே கொடுக்கப்பட்டது ஐம்பது நிமிடம். பாதி செதுக்கிய மூக்கையும், தோள்வரை மண்ணில் புதைந்த உடலையும் நின்று பார்க்க வேண்டிய இடத்தில் நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். 2022 அக்டோபரில் பரவிய தீ இந்தச் சிலைகள் பலவற்றைச் சுட்டது. கல் என்றாலும் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பி ஒத்திப்போட முடியாத இடம் அது.

டொங்காரிக்கியைப் பற்றி ஒரு தனி வேண்டுகோள். பதினைந்து சிலைகள் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் அந்த மேடைக்கு விடியலில் அழைத்துப் போகிறீர்கள், அது அழகுதான். ஆனால் அப்போது தெரிவது இருண்ட உருவங்கள் மட்டுமே. முகங்களில் வெயில் விழுவது பிற்பகலில். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960 மே 22 அன்று சிலியின் பெருநிலத்தில் 9.5 அளவில் நேர்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, ஏற்கெனவே சாய்ந்து கிடந்த இந்தச் சிலைகளை அள்ளி உள்நாட்டுப் பக்கம் வீசியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அளித்த கிரேனின் உதவியோடு 1990களில்தான் அவை மீண்டும் நிறுத்தப்பட்டன. பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையிலான உறவைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது. நீங்கள் அங்கே தேநீர் கொடுத்தீர்கள். குளிருக்கு இதமாக இருந்தது, நன்றி.

ஆகவே நான் கேட்பது இதுதான். சான்டியாகோவிலிருந்து ஓர் இரவைக் கழித்துத் தீவோடு சேருங்கள், முடிந்தால் இன்னொன்றும் சேருங்கள். 2018-இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம் வெளியார் முப்பது நாள் வரை தங்க இடம் கொடுக்கிறது, ஐந்து இரவால் தீவுக்குப் பாரம் ஒன்றும் ஏறிவிடாது. திராட்சைத் தோட்டத்தை விருப்பத் தேர்வாக்கிவிட்டு அந்த அரைநாளைக் குவின்டா நோர்மலுக்குக் கொடுங்கள். திங்கட்கிழமையில் மட்டும் வைக்காதீர்கள், அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். வால்பராய்சோவில் ரிரோ காயிங்காவின் கதையைச் சொல்லுங்கள். தீவில் ஒலிபெருக்கியைத் தீவுக்காரர் கையில் கொடுங்கள், மொழிபெயர்ப்பதோடு ஒருங்கிணைப்பாளரின் வேலை முடியட்டும். இதனால் கட்டணம் கூடும் என்பீர்கள். கூடட்டும். இவ்வளவு தொலைவு போகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைதான் போகிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

புதிய திட்டத்துக்கு வெள்ளோட்டம் பார்க்க ஆள் தேவைப்பட்டால், முழுக் கட்டணம் செலுத்தி முதல் இருக்கையில் உட்கார நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் வந்து திரும்பிய பயணி ஒருவன்