அனுபவச் சான்று எழுதிக் கொடுங்கள், அண்ணா

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் மேஸ்திரிகளுக்கும் லைசென்ஸ்தாரர்களுக்கும்,

வணக்கம்.

பழைய வடாற்காடு 1989-இல் ஒரு முறை, 2019-இல் ஒரு முறை என்று பிரிந்து இன்று நான்கு மாவட்டமாக நிற்கிறது. நம் தொழிலுக்கு மட்டும் இன்னும் அது ஒரே ஊர்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேனல் பார்த்தவர் அடுத்த மாதம் ஆற்காட்டில் வீட்டு வயரிங் செய்துகொண்டிருப்பார். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்களிடம் 5 வருடம் வேலை செய்த பையன் வந்து, "அண்ணா, பரீட்சைக்கு மனு போடணும், அனுபவச் சான்று வேணும்" என்று கேட்டால், நாளைக்கு வா என்று சொல்லாமல் லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள். கேட்கக் கூச்சப்படும் பையனை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு உங்களுக்குத் தெரியாதது இல்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். மேல் வயதுக்கு வரம்பே கிடையாது. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காமல், உளியும் சுத்தியுமாகச் சுவரில் காடி வெட்டித் தொழில் கற்றவனுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த 5 ஆண்டை அவனே சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் 17 வயதில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். தொழிலை அவர்தான் கற்றுக் கொடுத்தார், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. 24 வயதில் சான்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குடா, வேலை இருக்கில்ல" என்றார். 27 வயதில் மறுபடி கேட்டேன். அன்று பதிலே சொல்லவில்லை. மறுநாள் என்னைச் சைட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. கடைசியில் காட்பாடிப் பக்கம் வேறொரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, அங்கே 5 வருடத்தை முதலில் இருந்து எண்ணி, 32 வயதில் தேர்வு எழுதித் தேறினேன். 24-இல் முடிந்திருக்க வேண்டியது 8 வருடம் தள்ளிப் போயிற்று.

எனக்குப் போன வருடங்களைச் சொல்லி அழுவதற்காக இந்தக் கடிதம் இல்லை. அந்த 8 வருடம் நான் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேர்வுக்குத் தயாரானபோது, ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாளே கேட்டார்: "சாக்கெட்டில் எர்த் பின்னுக்கு எங்கே இருந்து வயர் எடுப்பே?" மண்ணோடு இணைக்கும் எர்த் வயர் வராத பழைய வீடு என்றால், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை லூப் போட்டுவிடுவோம் என்றேன். அப்படித்தான் பார்த்திருந்தேன், அப்படித்தான் செய்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டார். "கம்பத்திலோ மீட்டர் பக்கமோ நியூட்ரல் ஜாயின்ட் விட்டுப்போச்சுன்னு வை. லைட் எரியாது. கரண்ட் இல்லைன்னு நினைச்சு அந்த வீட்டம்மா ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கப் போவாங்க. அப்போ அந்தக் கதவில் என்ன இருக்கும்?"

230 வோல்ட் இருக்கும். கரண்ட் வரும் ஃபேஸ் லைன், பல்பு வழியாக நியூட்ரலுக்கு வந்து, நான் போட்ட லூப் வழியாக அந்த இரும்புக் கதவில் ஏறி நிற்கும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி லூப் போட்ட வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சத்துவாச்சாரியில் மூன்று, கொசப்பேட்டையில் ஒன்று நன்றாக ஞாபகம் இருந்தது. அடுத்த வாரமே நான்கு வீட்டுக்கும் போய், காசு வாங்காமல் லூப்பை அறுத்து, தனி எர்த் இழுத்துக் கொடுத்தேன். ஞாபகம் இல்லாத வீடுகள் எத்தனையோ. இன்றும் அந்தப் பக்கம் வண்டியில் போனால் வீடுகளைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன்.

இன்னொன்றும் அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருப்பார்கள். குழாய் இரும்பாக இருந்து மண்ணுக்குள் ஓடிய வரை அது ஏதோ வேலை செய்தது. பிறகு பிளம்பர் வந்து பி.வி.சி. மாற்றிவிட்டுப் போனார். மிச்சம் இருக்கும் இரண்டடி இரும்புக் குழாயில் எர்த் வயர் இன்னும் கட்டியபடியே இருக்கும், மண்ணோடு தொடர்பு இருக்காது. கத்திரி வெயிலில் ஏர் கூலரைத் தண்ணீர் ஊற்றி ஓட விடுகிறோம். கூலர் பாடியில் கரண்ட் லீக் ஆனால் குழாயைத் தொடுகிறவருக்கும் அடிக்கும். ஓவர்லோட் ஆனால் தானாக விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதற்கு விழாது. அது வயரைக் காப்பாற்றப் போட்டது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும். 15 வருடம் தொழில் செய்தவனுக்கு இந்த வித்தியாசத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. இன்சுலேஷன் அளக்கும் மெக்கரைக் கையில் பிடித்ததும் அப்போதுதான். 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதித்தால் 1 மெகோமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும் என்பதும் அன்றுதான் தெரியும்.

எர்த் குழி விஷயம் நம் ஊருக்கே உள்ள தலைவலி. இரண்டடி மண், அதற்குக் கீழே பாறை. இரண்டரை மீட்டர் பைப் இறக்க வேண்டிய இடத்தில் கடப்பாரை இறங்கவில்லை என்று மூன்றடியில் அறுத்துப் புதைத்துவிட்டு வருகிறோம். மார்கழியில் அளந்தால் ஓரளவு சரியாகக் காட்டும். மே மாதம் மண் காய்ந்ததும் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். இடம் மாற்றித் தோண்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு குழி போட்டு இணைக்க வேண்டும், கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். ஏன் என்று தெரிந்தவன்தான் அந்த வெயிலில் நின்று இதையெல்லாம் செய்வான்.

பையனுக்குச் சான்று கொடுத்தால் தனியாகத் தொழில் ஆரம்பித்து நம் கிராக்கியையே பிடித்துவிடுவான் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அது எனக்குத் தெரியும், அதில் பொய்யில்லை. ஆனால் கொடுக்காவிட்டாலும் அவன் போகத்தான் போகிறான். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் பஸ் இருக்கிறது. சான்று இல்லாமல் போகிறவன் அங்கேயும் ஹெல்ப்பராகவே நிற்கிறான், அவ்வளவுதான்.

சட்டமும் அவன் பக்கம்தான் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் மின்வேலை நடக்க வேண்டும் என்று 1956 விதிகளில் இருந்து மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறைகள் வரை சொல்லிக்கொண்டே வருகிறார்கள். நம்மில் சிலர் சைட்டை ஒரு முறைகூடப் பார்க்காமல் வயரிங் சரியாக இருக்கிறது என்று கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறோம். வேலை செய்த பையன் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. ஏதாவது நடந்தால் மட்டும் போலீஸ் முதலில் அவனைத்தான் தேடும். தகுதிச் சான்று பெற்ற ஆள் உங்களிடம் இருந்தால் அது உங்கள் லைசென்ஸுக்கும் பலம். லைசென்ஸ் கொடுக்கும் கிண்டி வாரியத்தில் நீங்கள் யாரை எல்லாம் காட்டி லைசென்ஸ் வாங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் மைத்துனர் பெயரில் கான்ட்ராக்டர் லைசென்ஸ் இருக்கிறது, நாங்கள் இருவரும் சேர்ந்து தொழில் செய்கிறோம். எங்களிடம் இருக்கும் பையன்களில் இரண்டு பேருக்கு 5 வருடம் முடிந்துவிட்டது. இருவருக்கும் சான்று எழுதி வைத்தாயிற்று, அறிவிப்பு வந்ததும் மனு போடுவார்கள். ஒருவனுக்குப் படிக்க வராது, அதனால் எர்த், நியூட்ரல், மெக்கர் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எம்.சி.பி. எல்லாம் மாட்டும் பழைய டி.பி. பாக்ஸ் ஒன்றை வைத்துச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பையன்களையும் அனுப்புங்கள், சேர்த்தே சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம். வரும்போது அவன் கையில் உங்கள் லெட்டர்பேடில் எழுதிய சான்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் இருந்து ஒரு மின்கம்பியாள்