தொழிலாளியின் கவனக்குறைவா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் துறைமுகத்தில் இரும்புப் படகின் தகட்டை வெட்டும்போது கேஸ் ஹோஸ் (ரப்பர் குழாய்) தீப்பற்றிய செய்தியைத் தாங்கள் வெளியிட்டிருந்தீர்கள். அதில் இருந்த ‘தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது’ என்ற வரி, கேஸ் கட்டிங் வேலையிலேயே தலை நரைத்த என்னை மிகவும் வருத்தியது. அதை யார் சொல்லி எழுதினீர்களோ, தகட்டை வெட்டும் டார்ச்சைப் பிடித்திருந்தவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குள் படகுகளைப் பழுதுபார்த்து இறக்கியாக வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த அவசரத்தில்தான் மூலையில் கிடந்த ஹோஸ்களெல்லாம் வெளியே வருகின்றன. ஆக்சிஜனுக்கு நீல ஹோஸ், கேஸுக்குச் சிவப்பு, கேஸ் பக்கத்து நட்டுக்கு இடப்பக்கம் திருகி முடுக்கும் இடது மரை என்று வைத்திருப்பதே ஒன்றை மற்றொன்றில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். நான் வேலை பார்த்த பட்டறை ஒன்றிலோ, வெடித்துப்போன சிவப்பு ஹோஸின் நடுவே நீலத் துண்டை வைத்து, உள்ளே செம்புக் குழாயைச் செருகி, கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கியிருந்தார்கள். வெட்டுவதற்கு எரிக்கும் அசெட்டிலின் கேஸ் செம்போடு சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும் என்று எடுத்துச் சொன்னேன். “இத்தனை நாளா வெடிச்சுதா?” என்று கேட்டார் முதலாளி. டார்ச்சின் முனையான நாசில் அடைத்துத் தீ பின்னோக்கி ஓடினால் அதைத் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரைச் செலவுக்கு அஞ்சி அவர் கடைசிவரை வாங்கவேயில்லை. எல்பிஜிக்கு மாறியபோதும் அசெட்டிலினுக்கென்று செய்த பழைய ஹோஸையே மாட்டச் சொன்னார். எல்பிஜி அதன் உள் ரப்பரைக் கெடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மின் இணைப்பு இதைவிட மோசம். எர்த் இல்லாத இரட்டைக் கம்பி ஒயரை, பிளக்கும் இல்லாமல், தீக்குச்சி வைத்துப் போர்டில் செருகி, டேப் சுற்றிய ஜாயின்டுகளை ஈரத்திலேயே இழுத்து வருவார்கள். சுற்றிலும் இரும்பு, உடம்பெல்லாம் வியர்வை என்ற நிலையில் படகின் அடியறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றுதான் உயிர்க்காப்பு. அது இல்லாத இடத்தில் என்னுடன் வேலை செய்த ஒருவருக்குக் கிரைண்டரைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே இறுகிவிட்டன. மெயினை அணைத்த பிறகுதான் கையைப் பிரிக்க முடிந்தது. அப்போதும் அவருடைய கவனக்குறைவு என்றே சொன்னார்கள்.

ஐயா, கூலிக்குப் போகிறவன் ஹோஸையும் ஒயரையும் தன் வீட்டிலிருந்து கொண்டுபோவதில்லை. கொடுப்பதை வைத்துத்தான் வெட்டுகிறான், மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. ஆகவே, ஆண்டுதோறும் தடைக்காலம் தொடங்கும் முன், ஹோஸ் இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதிப்பது, எர்த் பார்ப்பது பற்றியெல்லாம் படகு உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் படிக்கும்படி அரைப்பக்கமாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படியொரு செய்தி வந்தால், அந்த ஹோஸை வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதையும் தங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேஸ் கட்டிங் தொழிலாளி,
கடலூர் முதுநகர்.