டீச்சரம்மாவின் சிவப்பு மை

பொகவந்தலாவை, இலங்கை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கோத்தகிரியிலும் இதுதான் கதியென்றால், இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவிலேயே இருக்கும் நான் உனக்கு என்ன ஆறுதல் சொல்வது? அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்று எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நம் பள்ளிக்கூட டீச்சரம்மா சென்ற மாசியில் காலமானார். 94 வயது. விடியற்காலையில் தேத்தண்ணி கேட்டாராம். பேத்தி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அவர் துறையூர்ப் பக்கத்துக்காரர் என்பது உனக்குத் தெரியும். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1939இல் நிறுத்தியது. அதற்கு முந்தைய வருடம், எட்டு வயதில், விதவைத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாமில் அம்மை குத்திக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் வந்து இறங்கியவர். தாய் கொழுந்து பறிக்கக் கூடை மாட்டினார். மகள் தோட்டப் பாடசாலையில் படித்து, இருபது வயதுக்குள் அங்கேயே ஆசிரியையானார். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஜாவுரிமைக்கு, அதாவது இந்நாட்டுக் குடியுரிமைக்கு, மனுப் போட்டபோது, மணமாகி வாழ்பவர்கள் 1946க்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர்களும் விதவைகளும் பத்தாண்டும் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும் என்றார்கள். 1946க்குள் அந்தத் தாய் வந்து ஏழாண்டும் சில மாதங்களும்தான் ஆகியிருந்தன. புருஷன் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கணக்கு நேராகியிருக்கும். இதை டீச்சரம்மா ஒருபோதும் அழுது சொன்னதில்லை. கழித்தல் கணக்கு நடத்துவதுபோலவே சொல்வார்.

நமக்குக் 'கொழுந்து' எழுதக் கற்றுக் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? நீ சிலேட்டில் 'கொளுந்து' என்று எழுதினாய். உடனே அவர் வெளியே போய், பாடசாலையை ஒட்டிய தேயிலை மலையிலிருந்து இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளி வந்து உன் சிலேட்டின் மேல் வைத்தார். உன் அம்மா இதைக் கொளுந்து என்று சொன்னால் அதில் ஒரு குற்றமும் இல்லை, அது அவள் வாய். ஆனால் நீ எழுதும்போது நாக்கு உள்ளே மடிய வேண்டும் என்று சொல்லி, நாற்பது பிள்ளைகளையும் வாயைத் திறக்க வைத்து ஒவ்வொரு நாக்காகக் குனிந்து பார்த்தார். வெற்றிலை போட்ட பையன் ஒருவன் அன்றைக்கு அகப்பட்டுக்கொண்டது தனிக் கதை. லயத்துப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்த வாத்திமார்களை நான் பிற்காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1975இல் நீங்கள் இந்தியாவுக்குப் போக ஹட்டன் ரயில் நிலையத்தில் கோச்சியேறியபோது, மேடை முழுவதும் ஒப்பாரியாக இருக்க, அவர் மட்டும் உன் சட்டைப்பையில் முகவரி எழுதிய தாள் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்ததை நீ அறிய மாட்டாய். தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றபோது, பிரஜாவுரிமை இல்லாததால் அவருக்கு நியமனம் வரவில்லை. மறுநாளே லயத்து இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், பாய் விரித்து வகுப்பைத் தொடங்கினார். கணவர் வீட்டாரின் நச்சரிப்பால் இந்தியக் குடியுரிமைக்கும் விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தது. ஆனால் புறப்படுவதற்குள் 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான், தம் 73ஆவது வயதில், அவர் இந்த நாட்டின் பிரஜையானார். அந்தப் படிவத்தை அவரே நிரப்பினார். பக்கத்து லயத்தார் முப்பது பேருடையதையும் சேர்த்து.

அதைவிட வேடிக்கை, 2007 முதல் அரச சேவையில் புதிதாகச் சேர்பவர்கள் சிங்களம், தமிழ் இரண்டில் தமக்குத் தெரியாததையும் கற்க வேண்டும் என்று விதி வந்தபிறகு, நம் பிரிவுக்கு வந்த இளம் சிங்களக் கிராம சேவகர் தமிழ் படிக்க அவரிடம் வந்தது. டீச்சரம்மா யாரிடம் வதிவிடச் சான்றுக்கு வரிசையில் நின்றாரோ, அவரையே அதே பாயில் உட்கார வைத்து, அதே கொழுந்தைக் கையில் கொடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். அந்த இளைஞருக்கு 'ழ' வர மூன்று மாதம் பிடித்தது. சாவு வீட்டுக்கு வந்தவர், பேத்தியிடம் தமிழிலேயே துக்கம் விசாரித்தார்.

அந்தப் பேத்தி பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது தமிழ்தான் கற்பிக்கிறாள். தகரப் பெட்டியை ஒதுக்கும்போது கிடைத்ததென்று ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். 1976இல் கோத்தகிரியிலிருந்து நீ அவருக்கு எழுதிய முதல் கடிதம். உங்கள் புதுக் குடியிருப்பின் குளிரையும் பனியையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சிவப்பு மையில் ஏழு இடங்களில் சுழித்திருக்கிறார். ஓரத்தில் பத்துக்கு ஆறு போட்டிருக்கிறார். 'கொழுந்து' மூன்று முறை வருகிறது, மூன்றும் சரி. இத்துடன் வைத்து அனுப்புகிறேன், கிடைத்ததும் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய பள்ளி வாங்குத் தோழன்