நாய்க்கும் கொசுக்கடி ஆபத்துதான்

ஆசிரியருக்கு,

ஐப்பசி மழை பிடித்தால் மதுரையில் டெங்கு பேச்சுதான். கொசுக்கள் நாய்க்கு இதயப்புழுவையும் கொண்டுவரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வண்டியூர், செல்லூர் கண்மாய்ப் பக்கம் இரவில் நாயை வெளியே கட்டுபவர்கள் கவனிக்க வேண்டும்.

இது நாய்க்கு நாய் ஒட்டாது. கொசு வழியாகத்தான் பரவும். உடலில் புகுந்த இளம்புழு ஆறேழு மாதத்தில் ஓரடி நீளம் வரை வளர்ந்து நுரையீரல் தமனியில் தங்கும். வறட்டு இருமல், கொஞ்சம் ஓடினாலே இளைப்பு, வயிறு உப்பல் என்று தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

மாதாந்தரத் தடுப்பு மாத்திரை கொசுக்கடியைத் தடுக்காது. முந்தைய மாதத்தில் புகுந்த இளம்புழுக்களையே கொல்லும். ஓரிரு மாதம் விட்டுப்போனால், புழு வளர்ந்து மாத்திரைக்கு அடங்காமல் போகும். ஏழு மாதம் தாண்டிய நாய்க்கு, மாத்திரை தொடங்கும் முன் ஆன்டிஜென் (புழுவின் புரதத்தைக் கண்டறியும்) ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தத் துளியில் நுண்புழு தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. தோலடியில் வாழும் வேறு புழுவின் குஞ்சாகவும் இருக்கலாம்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழுமருந்தை தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். 10 கிலோ நாய்க்கு, இதயப்புழுவைத் தடுக்க 60 மைக்ரோகிராம் போதும். அந்த 1 சதவீத ஊசிமருந்தின் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது! கோலி இன நாய்கள் வலிப்பு கண்டு நினைவிழக்கும்.

நோய் வந்தபின் சிகிச்சை பல மாதம் இழுக்கும். செத்த புழுக்கள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும் என்பதால், அதுவரை நாயை ஓடவிடவே கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களிலேயே கால்நடைத் துறையினர் இதையும் எடுத்துச்சொல்ல வேண்டும்.

– கால்நடை மருத்துவர்கள் சிலர், மதுரை