செயலாளர் ஆண்டறிக்கை: சார் இல்லாத முதல் வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கிளாசிக்கல் கிட்டார் சங்கத்தோட ஆண்டறிக்கை இது. வழக்கமா கூட்டம், உறுப்பினர், கணக்குன்னு வரிசையா போகும், இந்த தடவை அதையெல்லாம் சீக்கிரம் முடிச்சுட்டு நமக்கு கிட்டார் சொல்லிக்குடுத்து, இந்த வருஷம் தவறிப்போன நம்ம சார் பத்தி கொஞ்சம் விரிவா எழுதுறேன்னு கேட்டேன், செயற்குழுவுல எல்லாருமே சரின்னுட்டாங்க.

மாதாந்திர கூட்டம் விடாம நடந்துச்சு, சார் தவறின மாசம் மட்டும் யாரும் வாசிக்கல, வந்து உக்காந்து பேசிட்டுப் போனோம். புதுசா சேந்தவங்க பெரும்பாலும் சின்ன பசங்க, அவங்களுக்காக சின்ன சைஸ் கிட்டார் வாங்கியிருக்கோம், ஏன்னா 65 சென்டிமீட்டர் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) உள்ள பெரிய கிட்டார்ல அவங்க விரல் விரியாது. வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பார்.

சார் மேடையில வாசிச்சு கேட்டவங்க நம்மள்ல கொஞ்ச பேர்தான். நல்லா வாசிச்சிட்டிருந்த காலத்துலயே கச்சேரிய கொறச்சுக்கிட்டு கிளாஸ் எடுக்க வந்துட்டார், அதுல அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி எனக்கு ஒரு நாளும் தோணல. புதுசா யார் வந்தாலும், ஏற்கனவே எவ்ளோ வாசிக்கத் தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி, முதல்ல கையில குடுக்கறது ஸ்பெயின் கிட்டார் இசையமைப்பாளர் சோரோட ஓபஸ் 60 (ஓபஸ்னா படைப்பு வரிசை எண்), அது ஒரு பாடத் தொகுப்பு. அதுல முதல் பாடம் கார்டே (பல நோட்டு ஒண்ணா ஒலிக்கறது) இல்லாம ஒத்தை மெலடியா போகும், இதுல என்ன இருக்குன்னு தான் எல்லாரும் நினைப்போம். வாசிச்சு முடிச்சதும் "எந்த நோட்டு எங்க முடியுதுன்னு கேட்டியா?"ன்னு கேப்பார். நோட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு தான் நாம பாத்திருப்போம், முடியற இடத்த யார் கவனிச்சா! அதுக்கே ரெண்டு மூணு வாரம் ஓடிடும்.

இதுல ஒரு குழப்பம் வருஷா வருஷம் நடக்கும், புதுசா வர்றவங்களுக்காக இங்கயே சொல்லிடறேன். இத்தாலி கிட்டார் இசையமைப்பாளர் கார்கஸ்ஸியோட 25 எட்யூடும் (பயிற்சி பீஸ்) ஓபஸ் 60 தான், சோரோட 25 பாடமும் ஓபஸ் 60 தான். பாதிப் பேர் கார்கஸ்ஸி புக்க தூக்கிட்டு வந்து நிப்பாங்க. சார் திருப்பி அனுப்ப மாட்டார், சரி இதையும் பாக்கலாம்னு அதுலயே ஆரம்பிச்சு மெதுவா சோர் பக்கம் கூட்டிட்டு வந்துருவார்.

நகம் பத்தி சொல்லாம விட முடியாது. கிளாஸுக்குள்ள நுழைஞ்சதும் வலது கைய நீட்டச் சொல்லி விளக்குக்கு கீழ வெச்சு ஒவ்வொரு நகமா திருப்பித் திருப்பி பாப்பார், ஓரத்துல சின்னதா ஒரு பிசிறு இருந்தாலும் பையிலேர்ந்து மெல்லிசான உப்புத்தாள எடுத்து அவரே தேச்சு விடுவார், அந்த நேரம் வேற எதுவும் பேச மாட்டார். ஆனா நகம் வளத்தே ஆகணும்னு யாரையும் கட்டாயப்படுத்தினதில்ல. சோர் நகம் இல்லாம வாசிச்சவர், அவரோட நெருங்கின நண்பர், கிட்டார் கலைஞர் அகுவாடோ நகத்தோட வாசிச்சவர், அந்த நட்புக்காகவே சோர் 'இரண்டு நண்பர்கள்'னு ஓபஸ் 41-ல ரெண்டு கிட்டாருக்கு ஒரு டூயட் எழுதினார். இதச் சொல்லிட்டு, உன் கைக்கு எது ஒத்து வருதோ அதுல நல்ல சத்தம் வரவைன்னு விட்டுருவார். என் பார்வையில அவர் பாடம் மொத்தமும் இதுக்குள்ளயே இருந்துச்சு, சத்தம் தான் முதல்ல, வேகமெல்லாம் அப்புறம்.

ட்ரெமலோ, அதாவது ஒரே நோட்ட விடாம வேகமா திரும்பத் திரும்ப தட்டறது, அதுலயும் அதே தான். ஸ்பெயின் இசையமைப்பாளர் தாரேகாவோட ட்ரெமலோ பீஸ கேட்டுட்டு அதுக்காகவே கிட்டார் எடுத்தவங்க நம்ம சங்கத்துல நிறைய பேர். கட்டைவிரல் ஒரு தட்டு, அப்புறம் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், திரும்பக் கட்டைவிரல், இவ்ளோதான் பேட்டர்ன். வேகமா வாசிச்சா குதிரை ஓடற மாதிரி தத்தித் தத்திக் கேக்கும், எங்க இடிக்குதுன்னு வாசிக்கிறவனுக்கே தெரியாது. சார் தாளம் தட்டற கருவியான மெட்ரோனோம ரொம்ப மெதுவா வெச்சு, நாலு நோட்டுக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணா இருக்கான்னு கேக்க வைப்பார், அப்புறம் இரண்டாவது ஸ்ட்ரிங்ல மட்டும் செய்யச் சொல்வார், அங்க ரெண்டு பக்கமும் வேற ஸ்ட்ரிங் இருக்கறதால விரல் கொஞ்சம் அலைஞ்சாலும் பக்கத்துல போய்த் தட்டிடும், தப்பு உடனே காதுல விழுந்துடும். மாசக்கணக்கா இதையே செஞ்சு அலுத்துப்போய் நின்னுட்டவங்களும் இருக்காங்க, அதயும் சொல்லணும். அவங்கள்ல சிலர் நினைவஞ்சலி அன்னைக்கு வந்து கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க.

அந்த நினைவஞ்சலிய எப்படி நடத்தறதுன்னு செயற்குழுவுல நல்லாவே விவாதம் நடந்துச்சு. பெரிய கான்செர்ட் பீஸா வாசிக்கணும்னு ஒரு தரப்பு, அவர் சொல்லிக்குடுத்த பாடத்த மட்டும் வாசிக்கணும்னு இன்னொரு தரப்பு. ரெண்டாவது தான் முடிவாச்சு, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. சின்ன பசங்க ஓபஸ் 60 முதல் பாடத்துல ஆரம்பிச்சாங்க, சீனியர்ஸ் கார்கஸ்ஸி வாசிச்சாங்க, கடைசியா தாரேகாவோட லாக்ரிமா, ஈ மேஜர்ங்கற ஸ்வர வரிசையில தொடங்கி நடுவுல ஈ மைனருக்குப் போய்ட்டு திரும்ப மேஜருக்கு வர்ற அந்த சின்ன பீஸ். வாசிச்ச பொண்ணு சார்கிட்ட கடைசியா சேந்த மாணவி. மைனர் பகுதிய அவ அவசரப்படாம வாசிச்சா, ஒவ்வொரு நோட்டும் அதோட முழு நீளத்துக்கு நின்னுச்சு.

இனி நடக்க வேண்டியது. சாரோட ஆரம்பநிலை கிளாஸ நிறுத்தக்கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம், அவர் மாணவர்கள் மூணு பேர் மாத்தி மாத்தி எடுக்கறாங்க, இன்னும் ரெண்டு பேர் வந்தா நல்லாருக்கும். அவர் பென்சில்ல ஃபிங்கரிங் (எந்த விரல்னு குறிப்பு) எழுதின ஸ்கோர் எல்லாத்தையும் சேத்து வைக்கற வேலையும் ஆரம்பிச்சாச்சு. சோர், கார்கஸ்ஸி, தாரேகா மூணு பேர் இசைக்கும் இப்ப காப்புரிமை இல்ல, யாரும் பயன்படுத்தலாம், ஆனா இப்ப அச்சாகற பதிப்புகள்ல எடிட்டர் சேத்த ஃபிங்கரிங்குக்கு உரிமை இருக்கலாம், அதனால அவர் கைப்பட காப்பி பண்ணின தாள்கள மட்டும் எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருக்கோம், மத்தது சங்க நூலகத்துல இருக்கும். உங்க வீட்ல அவர் எழுதிக்குடுத்த பக்கம் ஒண்ணு இருந்தாலும், கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்துடுவோம்.

செயலாளர்